சிறுவர் நூல்களும் சிறுவர் தீர்ப்பும்

பெரியவர்கள் படிக்கும் நூலுக்கு விலை கொடுப்பவரும் படிப்பவரும் ஒருவரே. பிடிக்காவிடில் அதை மூலையில் எறிபவரும் அவரே. சிறுவர் நூலின் நிலை அவ்வாறன்று. அதனை எழுதுபவர் பெரியவர், அச்சிடுபவர் பெரியவர், பள்ளிக்காகவோ நூலகத்திற்காகவோ தேர்ந்தெடுப்பவர் பெரியவர், கடையில் நின்று விலை கேட்டு வாங்குபவரும் பெரியவர். இத்தனை கைகளைக் கடந்த பின்னரே, யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளையிடம் நூல் வந்து சேருகிறது. அப்பிள்ளை அதைப் பற்றி என்ன நினைத்தது என்று கேட்டவர் சிலர். கேட்டதை எழுதி வைத்தவர் அவரினும் சிலர். தமிழில் சிறுவர் இலக்கிய வரலாறு எழுதியோர் ஆசிரியர்களையும் இதழ்களையும் பதிப்பகங்களையும் நன்கு நிரல்படுத்தியுள்ளனர். ஆனால் வாசகரின் கருத்தையே வரலாறாகத் தொகுக்க முற்படுவோர்க்குக் கிடைப்பவை சிதறிய துணுக்குகளே. படநூல்களையும் அறிவு நூல்களையும் பற்றிய அத்தகைய துணுக்குகள் சிலவற்றை ஈண்டு ஒருங்கு வைத்துப் பார்ப்போம்.

படத்தோடு கூடிய நூலைப் பற்றிய பழங்கருத்துரை ஒன்று அரபு மொழியில் இருப்பதை நம்மவருள் பலர் அறியார். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பார், நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் பஹ்லவி மொழிக்குச் சென்றிருந்ததை அங்கிருந்து அரபியில் பெயர்த்து, ‘கலீலா வ திம்னா’ என்னும் நூலாக்கினார். அதன் முன்னுரையில் அந்நூலின் நோக்கங்களை அவரே விளக்குகிறார். விலங்குகளைப் பேச வைத்தது விளையாட்டு மனமுள்ள இளைஞரைப் படிப்பின்பால் இழுப்பதற்காம். அவ்விலங்குகளின் உருவங்களைப் பல வண்ணங்களில் காட்டுவதோ மன்னர்களின் உள்ளத்தை மகிழ்விப்பதற்காம். படம் பிள்ளைகளுக்கு, எழுத்து பெரியவர்களுக்கு என்ற இக்காலத்துப் பாகுபாடு அவரிடம் இல்லை. அரசருக்கே அவர் படம் காட்டுகிறார். ஐரோப்பாவிலோ, குழந்தைகளுக்கென்றே படங்களோடு அறிவு நூல் ஒன்றைக் கொமீனியஸ் என்ற கல்வியாளர் நூரம்பர்க் நகரில் வெளியிட்டது 1658ஆம் ஆண்டில்தான். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டு, அதே எண்ணைக் கீழே சொல்லுக்கும் இட்டிருந்தார் அவர். இன்றைய படநூல்களிலும் அந்த ஏற்பாடு நின்று நிலவுகிறது.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். உயிருள்ளவற்றின் உருவம் வரைவது குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆயினும் அவ்வேறுபாடு நம் பிள்ளைகளின் புத்தக அலமாரியில் தன் சுவட்டைப் பதித்திருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. நம் முன்னோர் வீடுகளில் எழுத்தே அழகாகவும் இருந்தது, படமாகவும் இருந்தது. பழவேற்காடு முதல் காயல்பட்டினம் வரையுள்ள கடற்கரை ஊர்களில் அரபுத் தமிழ் எழுத்தில் படித்துப் பழகிய பெண்மணிகள், படமில்லாத நூல்களிலிருந்தே பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். ‘தலாயிலுல் கைராத்’ பிரதிகளில் புனித மக்காவும் மதீனாவும் படமாக இடம் பெறும் மரபு உண்டு; பல வீடுகளில் பிள்ளைகள் நூலில் கண்ட முதற்படம் அதுவாகவே இருந்திருக்கும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் தோழியரோடு பொம்மை வைத்து விளையாடியதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காமலிருந்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. இதனைச் சான்று காட்டிப் பிள்ளைகளின் படநூல்களுக்கு இடமளித்தோர் உளர். பேணுதல் கருதித் தயங்கியோரும் உளர். நான் அறிந்த வீடுகளில் இத்தயக்கத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. கதைப் படநூல் வாசற்படியில் நின்று அனுமதி கேட்ட வீடுகளிலும், கப்பல், விண்மீன், செடி கொடி, நீராவிப் பொறி ஆகியவை பற்றிய அறிவு நூல் தடையின்றி உள்ளே சென்றது. கதை நூல் மறுக்கப்பட்ட பிள்ளை கப்பல் நூலைப் பத்து முறை படித்தது. வேறு வழியில்லாமல் படித்தது என்பாரும் உண்டு. பத்தாவது முறையும் வேறு வழியில்லாமல்தானா என்பது என் ஐயம்.

தமிழில் சிறுவர்க்கென வந்த முதல் இதழாக, 1840இல் நாகர்கோவிலிலிருந்து வெளியான ‘பாலதீபிகை’யைக் குறிப்பிடுவர். அடுத்த நூறாண்டுகளில் வந்தவற்றுட் பெரும்பகுதி பள்ளியை ஒட்டியும் நீதி போதனையை ஒட்டியும் எழுந்தவை. பிள்ளை கேட்க வேண்டும், ஒப்பிக்க வேண்டும். கருத்துச் சொல்வது அதன் கடமையாகக் கருதப்படவில்லை. நாடு விடுதலை பெறுவதற்குச் சில வாரங்கட்கு முன், 1947 ஜூலையில், நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய ‘அம்புலிமாமா’ சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. அவ்விதழின் பக்கங்களில் சித்ரா, வ.பா., சங்கர் முதலிய ஓவியர்களின் கைவண்ணத்தைக் கண்டு வளர்ந்த தலைமுறைகள் பல. தோளில் உடலைச் சுமந்து, கையில் வாளேந்திச் செல்லும் விக்கிரமாதித்தனைச் சங்கர் வரைந்த கோலத்தில் அல்லாமல் வேறு கோலத்தில் நினைத்துப் பார்க்க அத்தலைமுறையினரால் இயலாது.

அம்புலிமாமாவில் நம் பொருளுக்கு இன்றியமையாத பகுதி வேறொன்று உண்டு. அதுவே போட்டோ தலைப்புப் போட்டி. இரண்டு புகைப்படங்களை இதழில் வெளியிட்டு, அவற்றுக்குப் பொருத்தமான, ஒன்றோடொன்று இயைந்த தலைப்புகளை வாசகர்கள் அஞ்சலட்டையில் எழுதியனுப்பச் சொல்வார்கள். தேர்ந்த தலைப்புக்குப் பரிசு உண்டு. எழுதியவரின் பெயரும் அச்சாகும். இது விளையாட்டுத்தானே என்று நாம் எளிதாகக் கடந்து விடுகிறோம். படம் என்ன சொல்கிறது என்பதை வாசகரே சொல்லட்டும் எனப் பக்கத்தை ஒதுக்கிய இதழ்கள் அக்காலத்தில் எத்தனை? சிற்றூர்ப் பிள்ளை ஒருவன் ஒரு படத்தைப் பார்த்து நான்கு சொற்களில் தன் கருத்தை எழுதி, சென்னைக்கு அனுப்பி, அடுத்த மாதங்களில் தன் பெயரைத் தேடிப் பக்கம் புரட்டினான். பெயர் வராத மாதங்களே மிகுதி. அதனால் அட்டை எழுதுவதை அவன் நிறுத்திவிடவில்லை.

1950இல் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவர் பாடல்களை அறியாத தமிழ்ப் பிள்ளை அருகியே இருக்கும். அவர் எழுதிய அறிவு நூல்களை நினைவில் வைத்திருப்போர் குறைவு. நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனத்தின் நேரு குழந்தைகள் புத்தக வரிசையில் வந்த அவரது ‘நம் நதிகள்’ பல இந்திய மொழிகளுக்குச் சென்றது. ஆற்றைப் பற்றிப் பாடுவது வேறு. அஃது எங்கே தோன்றி எவ்வழி ஓடி எங்கே கடலில் சேர்கிறது என்று பிள்ளைக்கு அலுக்காமல் சொல்வது வேறு. பின்னதே அரிது என்பது என் துணிபு. ஆனால் பாராட்டுரைகள் பெரும்பாலும் முன்னதற்கே போய்ச் சேர்ந்தன.

தமிழில் சிறுவர்க்கான அறிவு நூல் என்றதும் முதலில் நிற்க வேண்டியது ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’. தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் எழுந்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டு முடித்தது. இளைப்பாறலாம் என்று எவரும் எண்ணக்கூடிய அந்த 1968ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கான முதல் தொகுதியும் வெளிவந்தது. 1976இல் பத்தாம் தொகுதியோடு அதுவும் நிறைவெய்தியது. இரண்டு பெரும்பணிகளுக்கும் முதன்மை ஆசிரியர் ம. ப. பெரியசாமித் தூரன். கவிஞர், இசைப்பாடல் இயற்றியவர், ஆசிரியராயிருந்தவர். பெரியவர்களுக்கு எழுதியதைச் சுருக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாற் போதும் என்று அவர் கருதவில்லை. படங்களைத் தாராளமாக இட்டு, சொற்களை எளிதாக்கி, நூறு பக்க அளவில் ஒவ்வொரு தொகுதியையும் பிள்ளையின் மடியில் அடங்குமாறு அமைத்தார்கள்.

இத்தொகுதிகளைப் பெரியவர்கள் போற்றினர். அப்போற்றுதலே அவற்றுக்கு ஓர் இடையூறும் ஆயிற்று. நடுத்தரக் குடும்பம் பத்துத் தொகுதிகளையும் வாங்குவது எளிதன்று. எனவே அவை நூலகத்திற்கும் பள்ளிக்கும் சென்றன. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலகத்துக்கென வரி ஏற்படுத்தி, நம் சிற்றூர்களிலும் கிளை நூலகங்கள் தோன்ற வழி செய்திருந்தது. ஆனால் விலையுயர்ந்த நூல் என்பதால் பல இடங்களில் அவை குறிப்புதவிப் பகுதியில், கண்ணாடி அலமாரியில், பூட்டுக்குள் இருந்தன. வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பெரியவர் வந்து திறந்து கொடுத்தால் அங்கேயே அமர்ந்து பார்க்கலாம். மதித்ததனால் பூட்டினார்கள், பூட்டியதனால் பிள்ளைகள் கைபடாமல் புதிதாகவே பழையதாயின.

பூட்டாத இடங்களில் என்ன நடந்தது என்பதையும் அத்தொகுதிகளே சொல்லும. பிள்ளை எவரும் கலைக்களஞ்சியத்தை முதற்பக்கத்திலிருந்து படிப்பதில்லை. ஏதோ ஒரு படத்தில் நூல் விரிகிறது. அகரவரிசையில் ஒட்டகமும் ஒலியும் அண்டை வீட்டார் ஆகிவிடுவதால், ஒட்டகம் பார்க்க வந்த பிள்ளை ஒலியையும் எட்டிப் பார்த்துப் போகிறது. அடிக்கடி விரிந்த இடத்தில் தையல் தளர்ந்து, நூலைக் கையில் எடுத்தாலே அந்தப் பக்கம் தானே திறக்கும். விளிம்பில் விரல் அழுக்கு; விலங்கின் மீசையைப் பென்சிலால் நீட்டிய குறும்பு; பிளேடால் வெட்டியெடுக்கப்பட்ட படம் இருந்த சதுரப் பள்ளம். நூலகர் இவற்றைச் சேதம் என்று பதிவேட்டில் குறித்தார். குறிக்க வேண்டியது அவர் கடமை. ஆயினும் பிள்ளைகள் விட்டுச் சென்ற வேறு எழுத்துச் சான்று நமக்கு இல்லாதபோது, இச்சேதங்களையும் நூலின் பின்னட்டையில் ஒட்டிய தவணைத் தாளில் விழுந்த தேதி முத்திரைகளையும் வாசகர் கருத்தாகவே நான் கொள்கிறேன். முத்திரை நெருக்கமாக விழுந்த தாளும், ஆண்டுக்கு ஒன்றாக விழுந்த தாளும் எந்த மதிப்புரையைக் காட்டிலும் நேர்மையானவை.

கருத்தை வாய்விட்டுக் கேட்ட பதிப்பாளரும் உண்டு. அவர்கள் இருந்தது மாஸ்கோவில். சோவியத் நாட்டு முன்னேற்றப் பதிப்பகமும் பிறகு ராதுகா பதிப்பகமும் தமிழில் அச்சிட்டு அனுப்பிய நூல்கள், 1951இல் தோன்றிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகத் தமிழ்நாடெங்கும் கிடைத்தன. அந்நூல்களின் இறுதியில் ஒரு சிறு அறிவிப்பு இருக்கும்: நூலின் பொருள், மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு ஆகியவை பற்றிய வாசகரின் கருத்தை வரவேற்று, எழுத வேண்டிய முகவரியாக மாஸ்கோவின் சூபவ்ஸ்கி புல்வாரைக் குறித்திருப்பார்கள். பெரியவர் நூல்களில் இருந்த அதே அழைப்பு சிறுவர் நூல்களிலும் இருந்தது. வழுவழுப்பான தாள், வண்ணப் படங்கள், மிகக் குறைந்த விலை. அவ்விலைக்குப் பின்னால் ஓர் அரசின் கொள்கைப் பரப்பல் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. இறைநம்பிக்கையுள்ள குடும்பங்கள் அதனை நன்கறிந்தே, தேர்ந்து வாங்கின. யாக்கவ் பெரல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ போன்ற நூல்களில் கொள்கைக்கு இடமேது? ஊஞ்சலும் நிழலும் ஓடும் வண்டியுமே அதில் பாடம்.

அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ என்ற நூலைத் தமிழாக்கியவர் நா. முகமது செரீபு என்பதை இங்கு மகிழ்வோடு குறிப்பிட வேண்டும். நோயுற்றிருந்த தம் மகளை ஆற்றுவதற்காக, தாம் சிறு பிராயத்தில் செய்த அசட்டுத்தனங்களை ஒரு தந்தை சொல்லத் தொடங்கியதிலிருந்து பிறந்த நூல் அது. அறிவுரை சொல்லும் தந்தையரையே நூல்களில் கண்டு பழகிய தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தோற்றுப்போன, அழுத, அடம்பிடித்த தந்தை புதியவர். 1991இல் சோவியத் நாடு கலைந்தது. கருத்துக் கேட்ட முகவரிகளுக்கு இனி எழுதிப் பயனில்லை என்றாயிற்று. ஆனால் அந்நூலைச் சிறு வயதில் படித்தவர்கள் பெற்றோராகி மீண்டும் தேடினார்கள். தமிழ்நாட்டில் மறுபதிப்பும் வந்தது. மாஸ்கோ கேட்ட கேள்விக்குத் தமிழ்நாட்டின் விடை, சற்றுத் தாமதமாக வந்த விடை, அதுவே எனலாம்.

ஒரு பிள்ளையின் கருத்தை மெய்யாகவே மதித்தால் என்ன நேரும் என்பதற்கு இலண்டனிலிருந்து ஒரு சான்று. 1936இல் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், டோல்கீன் என்ற பேராசிரியர் எழுதிய ‘ஹாபிட்’ கதையின் கையெழுத்துப் படியைத் தம் பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்து, கருத்து எழுதச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். பிள்ளை எழுத்துப் பிழைகளோடு, ஆனால் தெளிவாக, நூல் நன்று என்று எழுதிக் கொடுத்தான். அடுத்த ஆண்டு நூல் வெளிவந்தது. உலகெங்கும் இன்றும் விற்கிறது. பிரிட்டனில் 1980 முதல் பிள்ளைகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நூற்பரிசு ஒன்றும் நடந்து வந்தது. நம் நாட்டில் சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனிப்பரிசு வழங்கத் தொடங்கியது 2010இல். தமிழுக்கு அவ்வாண்டுப் பரிசு மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’க்குக் கிடைத்தது. நல்ல தொடக்கமே. ஆயினும் நடுவர் அனைவரும் பெரியவர்.

அறிவு நூலில் பிள்ளை இடறுவது பெரும்பாலும் சொல்லில். இதனை நன்குணர்ந்து வாழ்நாளை அதற்கே ஈந்தவர் மணவை முஸ்தபா (1935–2017). யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பு 1967இல் தொடங்கிய நாள்தொட்டு அதன் ஆசிரியராயிருந்து, உலகச் செய்திகளைத் தமிழில் சொல்வதற்கான கலைச்சொற்களை மாதந்தோறும் ஆக்கியளித்தவர் அவர். அக்கூரியர் சிறுவர் இதழன்று. ஆனால் அதன் புகைப்படங்களுக்காகவே உயர்நிலைப்பள்ளி மாணவர் பலர் அதைப் புரட்டினர். பின்னர் அவர் ‘இளையர் அறிவியல் களஞ்சியம்’ தொகுத்தபோது, கூரியரில் தேய்த்துப் பழகிய சொற்களே பிள்ளைகளுக்கும் பயன்பட்டன. ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்தால் எளிது என்பார் உளர். பிள்ளைக்கு இரண்டும் புதிய சொல்தான்; தமிழ்ச் சொல்லானால் பாதிப் பொருளை அதுவே உடைத்துக் காட்டிவிடும்.

அண்மைக் காலத்தில் நிலை மாறிவருகிறது. 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் படநூல்களைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் ஒருசேர வெளியிடுகிறது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு சிறு படநூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுத்து அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. வயதைக் கொண்டன்றி வாசிக்கும் திறனைக் கொண்டு வகுத்தது நன்று. ஐந்தாம் வகுப்பிலும் நுழையாத பிள்ளை உண்டு. மூன்றாம் வகுப்பிலேயே பறப்பதும் உண்டு. நம் பெற்றோர் சிலர் படநூல்களைப் பற்றிக் கூறும் குறை ஒன்றையும் இங்குச் சேர்க்க வேண்டும். பெருநாளன்று பிறை தேடும் படத்தில் மட்டுமே நம் வீட்டுப் பிள்ளை தொப்பியோடு தலைகாட்டுகிறான். மிதிவண்டி ஓட்டும் கதையிலும் பல் விழுந்த கதையிலும் அவனைக் காணோம் என்கிறார்கள். இது நியாயமான குறை.

பெரியபாளையம் சென்னையிலிருந்து செங்குன்றம் வழியே ஊத்துக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், ஆரணியாற்றங்கரையில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி அவ்வாறு மணலாகக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து, ஆந்திரத்திலுள்ள பிச்சாட்டூர் அணையும் திறந்தால், இருகரை தொட்டு ஓடிப் பழவேற்காட்டு ஏரியை நோக்கிப் போகும். ஆறு பற்றிய படநூலை, நீலநீர் ததும்பும் படத்தோடு இங்குள்ள பிள்ளையிடம் காட்டினால் கேட்கும் முதற்கேள்வி, “இந்த ஆத்துல எப்பவுமே தண்ணி இருக்குமா?” என்பதே. ஓவியர் எவரும் மணலாற்றை வரைந்து இதுவும் ஆறு என்று காட்டவில்லையே என்ற முறையீடு அக்கேள்வியில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் தந்தையரின் பிள்ளைகள் கேட்பது வேறு: இரும்பை எப்படி உருக்குகிறார்கள், அத்தா ஏன் இரவில் வேலைக்குப் போகிறார், சங்கு ஏன் மூன்று முறை ஊதுகிறது? ஏரோப்பிளேன் பற்றியும் டைனோசர் பற்றியும் அவர்கள் கையில் நூல் இருக்கிறது. அத்தாவின் வேலை பற்றிய படநூலைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இவ்வூர்ப் பவானி அம்மன் கோயிலில் ஆடி மாதம் முழுதும் கூட்டம் பெருகும். அப்போது சாலையோரத்தில் வளையல், பலூன், பொரிகடலை விற்கும் கடைகளுக்கிடையே மலிவு விலைப் படநூல்களைத் தரையில் பரப்பி விற்பாரும் இருப்பர்: எழுத்து அட்டைகள், வண்ணம் தீட்டும் புத்தகங்கள், வாகனங்கள், விலங்குகள், பழங்கள். தாள் மட்டம், அச்சில் வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், யானைக்கும் எலிக்கும் ஒரே அளவு. கல்வியாளர் எவரும் பரிந்துரைக்க மாட்டார். ஆனால் பிள்ளை தானே குனிந்து, தானே புரட்டி, தானே எடுத்து, பின்னர் பெற்றோரின் கையை இழுக்கும் புத்தகக் கடை எனக்குத் தெரிந்து அஃது ஒன்றே. பெற்றோர் பழங்கள் புத்தகத்தைக் காட்டுவர். பிள்ளை மண் அள்ளும் பொறியின் படத்தை விடாது. விற்பவருக்கு இந்தச் சண்டையின் முடிவு தெரியும். எந்தப் புத்தகம் மாலைக்குள் தீரும், எது மூட்டையோடு திரும்பும் என்று கேட்டால் தயங்காமல் சொல்வார். திரும்பியவை அடுத்த ஆடியில் அவர் மூட்டையில் வருவதில்லை.